வைகாசியில் பிரசவம், ஆவணியில் கல்யாணம், நடுவே ஒரு தோட்டம்

அன்புள்ள காட்பாடி வாசகிக்கு,

தோட்டத்தைப் பற்றிக் கேட்க வந்து வீட்டுக் கதையெல்லாம் எழுதிவிட்டதாகவும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிக் கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். அந்த வீட்டுக் கதை இல்லாமல் கேள்விகள் மட்டும் வந்திருந்தால், என் பதில் உங்களுக்குப் பயன்படாத ஒன்றாகப் போயிருக்கும். ஆகவே மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

பெங்களூரில் இருக்கும் உங்கள் மகளுக்கு இது ஆறாம் மாதம். பங்குனியில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள். வைகாசி நடுவில் தலைப்பிரசவம். மகனுக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்குள் மாடியில் ஓர் அறை எழுப்பிவிட வேண்டும் என்று சித்திரையில் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறீர்கள். எண்பதைக் கடந்த மாமியார் கார்த்திகை மழையில் பின்கட்டில் வழுக்கி விழுந்ததிலிருந்து கைத்தடியுடன் நடக்கிறார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற கணவருக்கு நேரம் இருக்கிறது, தோட்ட வேலை பழக்கமில்லை. பின்புறம் பன்னிரண்டடிக்கு முப்பதடி செம்மண் தரை, அதில் ஒரு முருங்கை, சுவரோரம் அரளி, விளிம்பில் வெள்ளை படிந்த சில தொட்டிகள், உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். இதற்கிடையில் மகள் அங்கிருந்து ‘வசந்தகாலத் தோட்டப் பெட்டி’ ஒன்றை வரவழைத்து அனுப்பியிருக்கிறார். அதில் கேரட், பீட்ரூட், லெட்யூஸ், காலிஃபிளவர், பெட்டூனியா, பேன்சி என்று ஒரு டஜன் விதைப் பொட்டலங்கள். இவற்றை இந்த மாசியில் விதைக்கலாமா, பிரசவத்துக்குள் வீட்டுக் கீரை கிடைக்குமா, முருங்கையை வெட்டிவிடலாமா, கல்யாணத்துக்கு வீட்டு மல்லி பூக்குமா, மாடியில் மிஞ்சும் இடத்தில் பாத்தி கட்டலாமா, பேரக்குழந்தையின் பேரில் என்ன மரம் வைப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த ஆண்டு உங்கள் தோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை, அக்னி நட்சத்திரத்தின்போது காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றக் கையொழிந்து இருக்கப் போகிறவர் யார் என்ற கேள்விதான் முடிவு செய்யும். மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை நீளும் அந்த நாட்களின் கடைசியில்தான் உங்கள் மகளின் பிரசவமும் வருகிறது. அப்போது நீங்கள் மருத்துவமனையிலோ பத்தியச் சமையலிலோ இருப்பீர்கள். மாடியில் கொத்தனாரும் சித்தாளும் இருப்பார்கள். மாமியாரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கையொழிந்தவர் உங்கள் கணவர் ஒருவரே. அவரால் அலுப்பில்லாமல் செய்யக்கூடிய அளவை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்குள் செடிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை. முற்றிய கோடையில் பன்னிரண்டு அங்குலச் செடி வளர்ப்புப் பை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பதினைந்து பை என்றால் மூன்று, நான்கு வாளி. பழக்கமில்லாத ஒருவரும் அரைமணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் அறுபது பைகளுக்கு நூற்றைம்பது லிட்டர் ஆகும். அது நான்காம் நாளே சண்டையில் முடியும். ஆகவே பதினைந்து பை, தரையில் ஒரு சிறு பாத்தி. ஆடி வரை அதற்கு மேல் வேண்டாம்.

மகள் அனுப்பிய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல பெட்டியே. வந்து சேர்ந்த ஊரும் மாதமும்தான் பொருந்தவில்லை. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. உங்கள் காட்பாடி அடங்கிய வேலூர் ஏறக்குறைய 200 மீட்டரில். நீரில்லா ஆறும் மரமில்லா மலையும் என்று நம் ஊரைப் பற்றிச் சொல்லும் பழைய கேலியில் தோட்டக்காரருக்கு வேண்டிய செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகள் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்கின்றன. பாலாற்று மணல் குளிர்ச்சி தருவதில்லை. பங்குனி பாதியிலேயே வேலூரில் வெயில் சதமடித்தது என்று செய்தி வரத் தொடங்கிவிடும். லெட்யூஸ் அந்த வெயிலில் இலை கசந்து தண்டுவிட்டுப் பூத்துவிடும், காலிஃபிளவர் பூப்பிடிக்காது, பேன்சி முளைப்பதே சந்தேகம். பொட்டலங்களைப் பிரிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐப்பசி கடைசியில் கேரட், பீட்ரூட், காலிஃபிளவரையும், மழை ஓய்ந்த கார்த்திகையில் பெட்டூனியாவையும் விதைத்தால் மார்கழியிலும் தையிலும் நன்றாக வரும். மகள் கேட்டால் பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக இப்போதே விதைத்துவிட்டு, வளைகாப்பு முடிந்து வந்தவரிடம் கருகிய நாற்றைக் காட்டுவதைவிட அது மேல்.

இனி எதை விதைப்பது. தை மாத விதைப்புக் காலமான தைப்பட்டம் கடந்துவிட்டது, மாசியில் இன்னும் இடமிருக்கிறது, ஆனால் விரைந்து பலன் தருபவற்றுக்கு மட்டும். வெண்டை விதைத்து நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். இப்போது ஊன்றினால் பங்குனி கடைசியில் முதல் காய் பறிக்கலாம். கொத்தவரை ஐம்பது, அறுபது நாளில் வரும். வெயிலையும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் உங்கள் வீட்டுக்கு அது மிகவும் ஏற்றது. ஐந்து பையில் வெண்டை, மூன்றில் கொத்தவரை, இரண்டில் பச்சை மிளகாய் என்று வையுங்கள். தக்காளி வேண்டாம். பகலில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு குறையாதபோது தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். சித்திரையில் தக்காளி குலைகுலையாகத் தொங்கும் காணொளிகள் வேறு ஊர்களில் எடுக்கப்பட்டவை.

கீரையைத்தான் நீங்கள் மிகவும் எதிர்பார்க்கிறீர்கள், அதில் ஏமாற்றம் இருக்காது. முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நான்கு வாரத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். ஒரேயடியாக முழுப் பாத்தியிலும் தூவாமல், ஆறடிக்கு மூன்றடி பாத்தியை மூன்று பங்காக்கிப் பத்து நாளுக்கு ஒரு பங்கு தூவினால் தொடர்ந்து கிடைக்கும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்பதால் ஒரு பங்கை அதற்கென்றே விடலாம். அக்னி நட்சத்திரத்தில் முளைக்கீரை சிறுத்து விரைவில் பூவிடும். அந்த நாட்களைத் தாண்டி நிற்கக்கூடியவை தண்டுக்கீரையும் கொடிப்பசலையும். கொடிப்பசலைத் தண்டு நான்கை இப்போதே கிழக்குப் பக்கத் தாழ்வாரத் தூணோரம் ஊன்றிவிட்டால் வைகாசியில் தாராளமாக இலை தரும், தாழ்வாரத்துக்கு நிழலும் ஆகும். வெந்தயக்கீரை வேண்டுமானால் இந்த வாரமே விதைத்து ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லியைப் பங்குனிக்குப் பிறகு கடையில் வாங்குவதே சுலபம். பிரசவித்த பெண்ணுக்கு எந்தக் கீரையை எந்த நாளில் தருவது என்பதை மருத்துவரும் உங்கள் மாமியாரும் முடிவு செய்யட்டும்; அதில் நான் தலையிடவில்லை.

மாமியார் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தவர் என்றும், முள்ளுக் கத்தரிக்காய் இல்லாத தோட்டம் என்ன தோட்டம் என்று கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. இலவம்பாடியிலும் சுற்றூர்களிலும் விளையும் அந்தக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வேலூர்ச் சந்தையில் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருந்தார்கள். இப்போது விதை போட்டால் நாற்றுக்கு ஒரு மாதம், நட்டபின் காய்க்க இரண்டு மாதம் என்று கணக்கு வைகாசிக்குப் போய்விடும். கடும் வெயிலில் பூ உதிர்வதும் உண்டு. அந்தப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து நடவுக்குத் தயாரான நாற்று நான்கு மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். பதினைந்தில் மீதமிருக்கும் ஐந்து பைகளில் நான்கில் அவற்றை நட்டு, பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள். முழு அளவில் நட ஆடிப்பட்டமே சரி, புரட்டாசியில் காய்க்கும். இலையிலும் தண்டிலும் காய்க்காம்பிலும் முள் இருப்பதால் நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள். அவர் கைத்தடியுடன் நடப்பவர். இன்னும் சில மாதங்களில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியே நடப்பவர்களும் இருப்பார்கள். ஐந்தாவது பையை அவரிடமே விட்டுவிடுங்கள். என்ன நடுவது என்று அவர் சொல்லட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தொட்டி விளிம்பில் படியும் வெள்ளை, நீர் ஆவியானபின் தங்கும் உப்பு. மண்ணில் அது கூடக் கூட, ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாமல் இலையின் ஓரம் கருகும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அதே தண்ணீரை மேலும் ஊற்றுவோம், உப்பு மேலும் சேரும். முதல் வேலையாகப் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழ் இருந்தால் கவலையே இல்லை, 0.7 முதல் 3 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட வேண்டும். 3-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் காய்கறிக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நிலத்தடி நீரில் உப்போடு வேறு பொருள்களும் இருக்கக்கூடும் என்பதால், அங்கே பரிசோதனை இல்லாமல் போர் தண்ணீரில் கீரை வளர்க்க வேண்டாம்.

முடிவு வரும்வரை மாநகராட்சிக் குடிநீர் வரும் நாளில் இரண்டு டிரம் கூடுதலாகப் பிடித்துக் கீரைக்கும் மிளகாய்க்கும் ஒதுக்குங்கள். மகள் வந்தபின் அவர் அறையில் ஏசி ஓடும். அதன் குழாயில் சொட்டும் நீரில் உப்பு இல்லை, ஒரு வாளியை வைத்தால் நாளுக்குச் சில லிட்டர் சேரும். அரிசி, பருப்பு களைந்த நீரும் ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையிலும் நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வெளியேறும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். மண்ணின் மேல் இரண்டங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பினால் ஆவியாவதும் குறையும், உப்பு மேலேறுவதும் குறையும். பை நிரப்பும்போது செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. பூச்சு இல்லாத, குறுகிய வாயுள்ள மண்பானையைப் பாத்தியின் நடுவே கழுத்துவரை புதைத்து நல்ல தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து சுற்றியுள்ள வேர்களுக்குப் போகும். ஐந்து லிட்டர்ப் பானை இரண்டு மூன்று நாள் தாங்கும். உங்கள் பாத்திக்கு இரண்டு பானை போதும். போர் தண்ணீரை ஊற்றினால் பானையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். பைகளுக்கு மேல் பங்குனி முதல் ஆனி வரை ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். மேற்குப் பக்கம் அது தரைவரை இறங்க வேண்டும், ஏனெனில் செடியைக் கருக்குவது உச்சி வெயிலைவிட மூன்று மணி வெயில்தான். வலையைக் கட்டும் வேலையைக் கொத்தனார் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். வந்தபின் உங்கள் கம்புகள் எல்லாம் சாரத்துக்குப் போய்விடும்.

கட்டட வேலையும் பிரசவமும் ஒரே மாதங்களில் வருவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் யாருமில்லை. சிமெண்டுத் தூசி பச்சிளம் குழந்தைக்கு எப்படி என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். தோட்டத்தைப் பொறுத்தவரை, மணலும் ஜல்லியும் எங்கே இறங்கப் போகின்றன என்பதை இன்றே முடிவு செய்து, பாத்தியையும் பைகளையும் எதிர்ப்பக்கம் வையுங்கள். சிமெண்டுக் கலவை கழுவிய நீர் கடுமையான காரம் உள்ளது. அது பாத்திக்குள் பாயாதபடி ஒரு வரிசைச் செங்கல் போதும்.

மாடியில் மிஞ்சும் இடத்தில் ஓரடி உயரத்துக்குக் கட்டிப் பாத்தி அமைக்க வேண்டும் என்பது மகனின் யோசனை. இதற்கு என் பதில் தெளிவாக வேண்டாம் என்பதே. நனைந்த தோட்டத்து மண் ஓரடி உயரத்தில் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ அளவுக்கு எடை வரும். ஆட்கள் நடமாடும் மாடித்தளத்துக்கு இந்தியக் கட்டடத் தர விதிகள் கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. புதிதாக எழும் அறையின் சுமை வேறு இருக்கிறது. அறை முடிந்து, பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னபின், நார்க்கழிவு மிகுந்த இலேசான கலவை நிரப்பிய பைகளைக் கைப்பிடிச் சுவரோரம் தூண்களும் விட்டங்களும் வரும் இடத்தில் வைக்கலாம். அதையும் மருமகள் வந்தபின் அவருடைய விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். அது அவர் புழங்கப் போகும் மாடி.

முருங்கையை வெட்டிவிடச் சொல்கிறார் கணவர், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மரம் வெட்டக் கூடாது என்கிறார் மாமியார், இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். மரத்தை வெட்டாமல் கிளையை மட்டும் கழித்தால் இருவர் சொல்லும் நடந்துவிடும். மின்கம்பிப் பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கமும் நீண்ட கிளைகளை இந்த மாசியிலேயே கழியுங்கள். முருங்கைக் கட்டை எளிதில் முறியும். சித்திரையில் இடி மின்னலோடு வரும் கோடைக் காற்றில் முதலில் விழுவது அந்தக் கிளைகள்தான். கழித்த இடத்தில் சில வாரங்களில் தளிர் வெடிக்கும். வைகாசியில் உங்களுக்கு வேண்டிய இளங்கீரை அதிலிருந்தே கிடைக்கும். மீதிக் கிளைகளில் இப்போது இருக்கும் பூவை விட்டுவைத்தால் சித்திரையில் காயும் உண்டு. கழித்தவற்றில் கை மணிக்கட்டுப் பருமன் உள்ள ஒன்றை நான்கடி நீளத்துக்கு நறுக்கி, கட்டடத்திலிருந்து தள்ளி மூலையில் போத்தாக ஊன்றிவிடுங்கள். பழைய மரம் ஒருநாள் விழுந்தால் இது இருக்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சிகளைப் பற்றி இப்போது அஞ்ச வேண்டாம், ஐப்பசியில் அதைக் கவனித்துக்கொள்ளலாம்.

மகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் தோட்டத்தில் சில விஷயங்களில் கண்டிப்பு தேவை. பூனை நடமாடும் தரை மண்ணில், அதன் கழிவு வழியே, கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். பொழுதுபோக்காக அவர் செடியைத் தொட விரும்பினால் கையுறை போட்டுக்கொள்ளட்டும், பின்பு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கீரையை யார் பறித்தாலும் ஓடும் நீரில் பலமுறை அலசியே சமைக்க வேண்டும். தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தட்டுகளை எடுத்தேவிடுங்கள், டிரம்களுக்குத் துணி கட்டுங்கள். பின்சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருப்பதாக நீங்கள் சொல்லும் புல்லையும் புதரையும் வளைகாப்புக்கு முன்பே அகற்றிவிடுங்கள். ஸ்க்ரப் டைபஸ் எனும் காய்ச்சலைக் கொண்டுவரும் சிற்றுண்ணிகள் தங்கும் இடம் அது. வேலூர் வட்டார மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான நோய் அது, கர்ப்பிணிகளுக்குக் கடுமையாகவும் ஆகக்கூடியது. மழையும் குளிரும் சேரும் மாதங்களில்தான் அதிகம் என்றாலும், பாம்பு தேளுக்காகவும் எப்படியும் அகற்ற வேண்டிய புதர்தானே.

பூச்சி மருந்து எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம். வெண்டையில் அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பச்சைச் சாணமும் மீன் கரைசலும் இந்த ஆண்டு வேண்டாம். நாற்றமும் ஈயும் பிரசவ வீட்டுக்கு ஆகாது, மண்புழு உரம் போதும். அரளி முழுவதும் நஞ்சு. பூசைப் பூவுக்காக வைத்திருப்பதை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் கழித்த கிளையை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் கெடுதல். குழந்தை தவழும் வயதில் விடுமுறைக்கு வரும்போது அதைக் கம்பி வலைக்கு அப்பால் வைப்பது பற்றி யோசிக்கலாம்.

கல்யாணப் பூவுக்கு வருகிறேன். குண்டுமல்லியைக் கார்த்திகை, மார்கழியில் கிளை வெட்டிக் கவாத்துச் செய்தால் மாசி, பங்குனியிலிருந்து பூத்து, ஆனிக்குப் பின் குறைந்துவிடும். இப்போது பதியனை நட்டு ஆவணியில் கல்யாணத்துக்குப் பறிக்கலாம் என்று எண்ணுவது நடக்காத காரியம். மணப்பெண்ணின் சடைக்கும் மாலைக்கும் வேண்டிய பூவை வேலூர்ப் பூ மார்க்கெட்டில் சொல்லிவைப்பதே மரியாதை. வீட்டிலிருந்தே ஏதாவது வேண்டும் என்ற ஆசைக்குச் செண்டுமல்லி இருக்கிறது. விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும் செடி அது. ஆனி முதல் வாரத்தில் ஒருமுறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் விதைத்தால், முகூர்த்தம் ஆவணியில் எந்த வாரம் வந்தாலும் வாசல் தோரணத்துக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் வெண்டையும் கொத்தவரையும் ஓய்ந்திருக்கும், அதே பைகளில் மண்ணைக் கிளறி உரமிட்டு நடலாம். கனகாம்பரம் ஆண்டு முழுவதும் பூக்கும் என்பதால் மாமியாரின் தாழ்வாரத்தை ஒட்டிய தரையில் ஆறு செடி இப்போதே வையுங்கள். வளைகாப்புக்கு வராது, பிரசவம் முடிந்து மகள் வீடு திரும்பும்போது பூத்திருக்கும். தண்ணீர்க் குழாயை மட்டும் அவர் நடக்கும் வழியில் குறுக்கே கிடக்க விடாதீர்கள். போன கார்த்திகையில் அவரை விழவைத்த பாசி, தண்ணீர் எப்போதும் சொட்டும் இடத்தில் கோடையிலும் பிடிக்கும்.

பேரக்குழந்தையின் பேரில் மரம் வைக்கச் சித்திரை, வைகாசி ஏற்ற மாதங்கள் அல்ல. ஆடியில் மாலை மழை தொடங்கியபின் வையுங்கள், ஆடிப்பெருக்கு அதற்கு நல்ல நாள். கணவர் ஆசைப்படும் பங்கனப்பள்ளி மா, குடியாத்தம், பேரணாம்பட்டுத் தோப்புகளில் இருக்க வேண்டிய மரம். பன்னிரண்டடி அகலத்தில் அது சுவரையும் புதிய அறையின் சன்னலையும் முட்டும், பத்தாண்டில் நீங்களே வெட்ட வேண்டிவரும். கொய்யா, எலுமிச்சை இரண்டில் ஒன்றே இந்த இடத்துக்குப் பொருந்தும். கவாத்துச் செய்து எட்டடியில் நிறுத்தலாம், குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே காய்க்கும். குழியைச் சித்திரையிலேயே ஒன்றரையடி ஆழ அகலத்துக்கு வெட்டி வெயிலில் காயவிடுவது நல்ல வழக்கம். உங்கள் வீட்டில் மட்டும், வெட்டிய அன்றே அதன்மேல் கனமான பலகை ஒன்றைப் போட்டு, கைத்தடியுடன் நடப்பவர் கண்ணில் படும்படி நான்கு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். எலுமிச்சை உப்பைத் தாங்காது, கொய்யா ஓரளவு தாங்கும். ஆகவே இரண்டில் எது என்பதை நாற்றுப்பண்ணைக்குப் போகும் முன் தண்ணீர்ப் பரிசோதனைத் தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாள் கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஆடிக்கு முன் பதில் சொல்கிறேன்.